தொட்டிலின் நடுப்புள்ளி

பஸ் விசிலுக்குச் சிரிக்கிற குழந்தை தாயின் தாலாட்டுக்கு மட்டும் ஏன் அலறுகிறது என்பது எமிமாவுக்குப் பிடிபடவில்லை.

பாளையங்கோட்டைச் செவி மையத்தின் மூன்றாம் அறையில் அன்று காலையிலிருந்து அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பாயில் இரண்டு வயது முத்தரசி உட்கார்ந்திருந்தாள். வலது காதுக்குப் பின்னால் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கருவி ஒட்டிக்கொண்டிருந்தது. எதிரே அவளுடைய தாய் உலகம்மை, சேலைக்கு மேல் காக்கிச் சட்டையோடு. திருநெல்வேலி–திருச்செந்தூர் தடத்தில் கண்டக்டர். இங்கிருந்து நேராக மதிய ட்யூட்டிக்குப் போகவேண்டும் என்பதால் விசிலும் டிக்கெட் மெஷினும் தோள்பையுமாக வந்திருந்தாள்.

"இப்பம் பாருங்க மேடம்." விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினாள். முத்தரசி பல் தெரியச் சிரித்துக் கையை நீட்டினாள்.

"இப்பம் இதப் பாருங்க."

உலகம்மை பாடினாள். 'ஆத்துல மீனு உறங்கியாச்சு, அரச மரத்துல காக்கா உறங்கியாச்சு...' ஓடுகிற பஸ்ஸின் கடைசி வரிசை வரைக்கும் எட்டுகிற குரல் அது. குழந்தைக்காக அதை மடித்துச் சிறிதாக்கியிருந்தாள். 'மீனு' என்ற இடம் வந்ததும் குழந்தையின் முகம் சுருங்கியது. தாயின் வாயையே உற்றுப் பார்த்தது. அடுத்த அடி முடிவதற்குள் வீரிட்டு அழுதபடி எழுந்து ஓடி, கதவருகே நின்ற அத்தையின் காலைக் கட்டிக்கொண்டது.

"ஒண்ணுமில்ல தங்கம், ஒண்ணுமில்ல," என்றாள் அத்தை செல்லக்கிளி. ஏற்ற இறக்கமே இல்லாத, பலகை போன்ற குரல். குழந்தை உடனே அடங்கியது.

"கேட்டியளா?" என்றாள் உலகம்மை. "மைனி பேசுனா பிடிக்கி. விசில் பிடிக்கி. பஸ் ஹாரன் பிடிக்கி. பெத்தவ பாடுனா மட்டும் பேயக் கண்ட மாதிரி ஓடுதா. இப்பம் நான் பாடக்கூட வேண்டாம், பாட வாயத் தொறந்தாலே போயிருதா."

"மெஷின்ல ஒரு பழுதும் இல்ல, உலகம்மை. எல்லாச் சோதனையிலயும் நல்லாத்தான் கேக்கா."

"அப்பம் பழுது எங்கிட்ட."

எமிமா மேசைமேல் இருந்த சிறிய கீபோர்டை இழுத்துக்கொண்டாள். அவள் காதில் விழுந்த பாட்டு எப்போதுமே எழுத்தாகத்தான் உள்ளே போகும். காகிதத்தில் ஸ ஸ ரி க, க க ரி ஸ என்று இரண்டு வரி எழுதினாள். எழுதியதைப் பார்த்து வாசித்தாள். முத்தரசி அத்தையின் காலை விட்டுவிட்டு மெல்ல நடந்து வந்து கீபோர்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எமிமா அதையே வாய்விட்டும் பாடினாள். குழந்தை கைதட்டியது.

ஒரே பாட்டு. ஒரே சுரங்கள். கைதட்டல் இவளுக்கு, அலறல் அவளுக்கு.

உலகம்மை குழந்தையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க பாடுனது நல்லாத்தான் இருந்துச்சு மேடம். ஆனா அது பாட்டு இல்ல, தபால். சேதி மட்டும் வந்து சேந்துருக்கு."

எமிமாவுக்குச் சுருக்கென்றது. "நீங்க பாடுன அதே சுரம்தான்."

"சுரத்தப் பத்தி எனக்கு என்ன தெரியும்? எங்கம்மா பாடுனா, கேட்டேன், வந்துச்சு. அந்த மீனுங்குற எடத்துல லேசா ஆட்டணும். ஆட்டலன்னா மீனு உறங்காது."

போகும்போது அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "மைனிக்குப் பிள்ள கெடையாது. ஆனி பொறந்ததும் இவளத் திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போறேங்கா. 'ஒங்கிட்டதான் ஒட்டமாட்டேங்காளே, எங்கிட்ட வளரட்டும்'னு. எங்க வீட்டு ஆளும் சரிங்காரு. நான் என்னத்தச் சொல்ல? வயித்துல இருக்கும்போது காய்ச்சல வாங்குனது நான். அவ காத அடைச்சது என் காய்ச்சல். அதுக்குத்தான் பழி வாங்குதா போல."

ஆனி பிறக்க இரண்டரை மாதம் இருந்தது.

அந்தக் காய்ச்சலுக்கு மருத்துவர்கள் நீளமான ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஊரில் செவிக்காய்ச்சல் என்பார்கள். கர்ப்பிணிகளுக்கு வந்தது, மூன்று நாள் இருந்தது, போய்விட்டது. பிறந்த குழந்தைகளின் உள்காதில் ஒலியை வாங்கிக்கொள்ளும் நுண்மயிர்கள் இல்லை. நாடு முழுக்க நாற்பதாயிரம் குழந்தைகள்.

அவர்களுக்காக வந்ததுதான் இந்தப் பொத்தான். அதன் வேலையை எமிமா எத்தனையோ பெற்றோருக்கு விளக்கியிருக்கிறாள். விளக்குவது அவளுக்குப் பிடிக்கும். நல்ல காதில் செவி நரம்பின் முப்பதாயிரம் இழைகள் ஒலியை எடுத்துப்போகும். பொத்தானிலிருந்து உள்ளே போகும் கம்பியில் மின்சாரம் கசியும் புள்ளிகள் இருபத்திரண்டுதான். ஈரக் காகிதத்தில் மை பரவுவதுபோல அந்த மின்சாரமும் பரவும். அதனால் பழைய கருவிகளில் பேச்சு புரியும், குரலின் உயரம் புரியாது. அம்மா கேள்வி கேட்கிறாளா, அதட்டுகிறாளா, கொஞ்சுகிறாளா என்று தெரியாமல் குழந்தைகள் வளர்ந்தார்கள்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர்களில் எமிமாவும் ஒருத்தி. அவளுடைய அப்பா தேவாலயப் பாடகர் குழுவை நடத்தியவர். அந்த வீட்டில் பாட்டு என்றால் தாளில் இருப்பது. தாளைப் பார்த்துப் பாடுவார்கள். தாள் இல்லாவிட்டால் பாட்டு இல்லை. எட்டு வயதில் அவள் எந்தப் புதுப் பாட்டையும் பார்த்த மாத்திரத்தில் பாடுவாள். அந்தப் பழக்கத்திலிருந்து வந்த யோசனை இது: எல்லா உயரத்தையும் நரம்புக்குக் கொடுக்க முடியாதென்றால், பன்னிரண்டு உயரங்களை மட்டும் கொடுப்போம். சுரங்களின் பன்னிரண்டு இடங்கள். வரும் குரல் எந்த இடத்துக்கு அருகில் இருக்கிறதோ அந்த இடத்துக்கான மின் அச்சை, முத்திரை குத்துவதுபோல, தெளிவாக அனுப்புவோம். பட்டியலில் பன்னிரண்டே அச்சுகள் என்பதால் குழப்பம் இல்லை. அதாவது, கருவி கேட்பதை முதலில் எழுதிக்கொள்ளும். பிறகு எழுதியதை நரம்புக்கு வாசித்துக் காட்டும்.

அது வேலை செய்தது. முதல் குழந்தை அம்மாவின் கேள்விக்கும் அதட்டலுக்கும் வெவ்வேறு முகம் காட்டிய அன்று எமிமா வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று அழுதாள்.

மறுநாள் மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போனபிறகு, அறையின் ஒலிவாங்கியில் பதிவாகியிருந்த உலகம்மையின் குரலைத் திரையில் கோடாகப் போட்டுப் பார்த்தாள். குரல் ஏறினால் கோடு ஏறும், இறங்கினால் இறங்கும். பின்னணியில் பன்னிரண்டு படிகள், கோடு போட்ட நோட்டைப்போல.

ஸ என்று அவள் எழுதிய இடத்தில் கோடு ஸ-வில் நின்றது. ரி-யில் நின்றது. 'மீனு' வந்தது. அங்கே க என்று எழுதியிருந்தாள். கோடு க-வில் இல்லை. ரி-க்கும் ம-வுக்கும் நடுவே மேலும் கீழுமாகப் போய் வந்தது, நொடிக்கு நான்கு ஐந்து முறை. எமிமா பாட்டு முழுவதையும் தேடினாள். பதினெட்டு இடங்களில் க என்று எழுதியிருந்தாள். பதினெட்டிலும் உலகம்மை ஒருமுறைகூட அந்தச் சுரத்தில் நிற்கவில்லை. அதைக் கடந்தாள், அவ்வளவுதான்.

ஆனால் எமிமாவின் காதுக்கு அது க என்றுதான் கேட்டிருந்தது.

ஆடுகிற தொட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், உத்தரத்துக்கு நேர் கீழே, நடுவில் என்போம். உண்மையில் ஆடுகிற தொட்டில் நடுவில் நிற்பதே இல்லை. அது மிக வேகமாகக் கடக்கும் இடமே அந்த நடுதான். இருந்தும் கண் அதை நடுவில் வைத்துப் பார்க்கிறது. காதும் அப்படியே இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்த்து, நடுவில் ஒரு சுரத்தைத் தானே வைத்துக்கொள்கிறது. இசை படித்தவர்கள் இதைக் கமகம் என்பார்கள். எமிமாவும் இசைத் தேர்வில் கமகத்தின் வகைகளை வரிசையாக எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள்.

அப்புறம்தான் அவளுக்குத் தன் கருவியின் இரண்டாவது விதி நினைவுக்கு வந்தது.

நம் ஊரில் மின்விசிறி சுற்றும், கிரைண்டர் ஓடும், பஸ் உறுமும். அவையெல்லாம் நின்ற இடத்திலேயே அதிரும் ஒலிகள். அவை பேச்சோடு கலந்து குழந்தையைக் குழப்பாமல் இருக்க எமிமா ஒரு விதி எழுதியிருந்தாள்: ஒரு படியிலிருந்து கிளம்பிய ஒலி கால் நொடிக்குள் அங்கேயே திரும்பி வந்து, மறுபடியும் போனால், அது மனிதக் குரல் அல்ல. வெட்டிவிடு.

குழந்தையின் நரம்புக்கு என்ன போயிற்றோ அதையே ஒலிபெருக்கியில் கேட்டாள். 'ஆத்துல' என்று வந்தது. பிறகு ஒன்றுமில்லை. 'யாச்சு' என்று வந்தது. பிறகு நீளமாக ஒன்றுமில்லை.

உலகம்மை அடுத்த வாரம் வந்தபோது எமிமா அதை அவளுடைய தொழிலை வைத்தே விளக்கினாள்.

"ஒரு ஸ்டேஜுக்கும் இன்னொரு ஸ்டேஜுக்கும் நடுவுல ஒருத்தன் கைகாட்டி ஏறுதான். எந்த டிக்கெட் குடுப்பீங்க?"

"முந்துன ஸ்டேஜ்லருந்துதான். நடுவழிக்குன்னு தனி டிக்கெட்டா அடிச்சு வச்சுருக்கு?"

"மெஷினும் அப்படித்தான். கிட்ட இருக்குத ஸ்டேஜ் எதுவோ, அந்த டிக்கெட்டக் குடுக்கும். மொத்தம் பன்னிரண்டு ஸ்டேஜ். சரி, ஒருத்தன் படியில ஏறுதான், எறங்குதான், மறுபடி ஏறுதான், எறங்குதான். அவனுக்கு?"

"டிக்கெட்டாவது ஒண்ணாவது! காலேஜ் பயலா இருக்கும். ஒரே ஊது, வண்டிய நிறுத்தி எறக்கி விட்டுருவேன்."

"நீங்க மீனுங்குற எடத்துல கொரல ஆட்டுதீங்கள்லா. அத மெஷின் எறக்கி விட்டுருது."

உலகம்மையின் சிரிப்பு பாதியில் நின்றது. "எறக்கி விட்டுருதுன்னா?"

"அவளுக்குக் கேக்காது. அந்த நேரம் சுத்தமா ஒண்ணுமே கேக்காது. மத்த எல்லாம் கேக்கும்."

"அப்பம் அவ என்னய வெறுக்கல?"

"இல்ல. உங்க பாட்டு அவகிட்டப் போகவே இல்ல."

உலகம்மை நிம்மதியடைவாள் என்று எமிமா எதிர்பார்த்திருந்தாள். அவள் விசிலின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே சுவரைப் பார்த்தாள்.

"இந்த மெஷின மாட்டுன அஞ்சு மாசமா நான் அவ முன்னால வாயத் தொறந்து தொறந்து மூடியிருக்கேன். சத்தம் வரல. முழிச்சுப் பாத்துக்கிட்டே வாயக் கோணியிருக்கேன். நமக்கே ஒருத்தி அப்படிச் செஞ்சா பயந்துருவோம்லா?" எமிமாவின் பக்கம் திரும்பி, "அந்த விதிய யாரு வச்சா?" என்றாள்.

"நான்தான்."

உலகம்மை அவளை ஏறிட்டுப் பார்த்தாள். திட்டவில்லை. "அப்பம் எடுத்துருங்க," என்றாள்.

எமிமா எடுத்தாள். முத்தரசியின் பொத்தானில் மட்டும் அந்த விதியை அணைத்தாள். அறிக்கைப் புத்தகத்தில் எழுதாமல் செய்த வேலை அது.

ஒன்பதாம் நாள் பேச்சுப் பயிற்சி ஆசிரியை ஹமீதா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள்.

"ஏட்டி எமி, மூணாம் ரூம் பிள்ளைய என்ன செஞ்ச? போன வாரம் வரைக்கும் 'ம்மா', 'தா', 'பூ' மூணும் சொன்னா. இன்னைக்கு ஒண்ணுகூட இல்ல. ஃபேனப் பாத்து வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்துருக்கா."

எமிமா சொன்னாள். ஹமீதா முழுவதையும் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சரி, ஃபேனு, கிரைண்டரு, பஸ்ஸு எல்லாம் உள்ள வந்துட்டு. அம்மா பாட்டாவது வந்துச்சா?"

அதுதான் முந்தின நாளிலிருந்தே எமிமாவை அரித்துக்கொண்டிருந்தது. பாட்டு வரவில்லை. பட்டியலில் பன்னிரண்டு அச்சுகள்தான். ரி-க்கும் ம-வுக்கும் இடையே வழுக்கிப் போகிற குரலுக்கு அங்கே இடமே கிடையாது. விதியை எடுத்ததும் மௌனம் இருந்த இடத்தில் ரி–ம–ரி–ம என்று மரங்கொத்தி கொத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. குழந்தை இப்போது அழவில்லை. பொத்தானைப் பிய்த்து எறிந்தது.

"அம்மா பாடும்போது மட்டும் அந்த விதிய அணைக்கிற மாதிரி ஒரு ஸ்விட்ச்..." என்று இழுத்தாள் எமிமா.

"பாடினாலும் கொத்தத்தான போகுது? அதுபோக, ரெண்டு வயசுப் பிள்ளைக்கு ஒரு காது வேணும் எமி. காலையில ஒரு காது, மத்தியானம் ஒரு காதுன்னா எதையுமே படிக்காது. மூணு வயசுக்குள்ள பேச்சு ஒட்டலன்னா அப்புறம் ஒட்டாது. நான் ஒனக்குச் சொல்லணுமா?"

படிகளைக் கூட்டினால்? இருபத்திரண்டு புள்ளிகள்தான்; கூட்டினால் மை பரவும்; பழைய கதைதான். எமிமா கருவி செய்யும் நிறுவனத்துக்கு நாலு பக்கக் கடிதம் எழுதினாள். உலகம்மையின் கோட்டுப் படத்தையும் சேர்த்து அனுப்பினாள். இரண்டு வரியில் பதில் வந்தது. நாற்பதாயிரம் குழந்தைகள் ஒரே பட்டியலில் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்; பட்டியலை மாற்றும் எண்ணமில்லை. வெட்டும் விதி எதன்பேரில் எழுதப்பட்டது என்பது இணைப்பில் உள்ளது.

இணைப்பைத் திறந்தாள். அவளே எழுதிய பழைய அறிக்கை. 'மனிதக் குரல் ஒரு படியில் நிற்கும், அல்லது ஒரு படியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். நின்ற இடத்தில் ஊசலாடும் ஒலி, குரல் அல்ல; கோளாறு.' சான்றுக்கு அவள் கொடுத்திருந்தது அப்பாவின் பாடகர் குழுப் பதிவுகள், மூன்று பாடப்புத்தகங்கள். தாளைப் பார்த்துப் பாடாத ஒருத்தரையும் அவள் அளந்திருக்கவில்லை. அளக்கத் தோன்றவே இல்லை.

விதியைத் திரும்பப் போட்டாள். நாலே நாளில் 'தா' வந்தது. பத்தாம் நாள் 'பூ'. 'ம்மா' வர மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் வைகாசி பிறந்துவிட்டது.

உலகம்மை ஒரு செவ்வாய்க்கிழமை தனியாக வந்தாள். ட்யூட்டி முடிந்து வந்த புழுதி முகத்தில் இருந்தது.

"மெஷின மாத்த முடியாது. அப்படித்தான?"

"முடியாது."

"அவ நரம்ப மாத்த முடியாது."

"முடியாது."

"அப்பம் மிச்சம் நான்தான இருக்கேன். அன்னைக்குக் காயிதத்துல எழுதி வாசிச்சீங்கள்லா, அத எனக்குச் சொல்லிக் குடுங்க."

எமிமாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "வேண்டாம்," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

"என்ன வேண்டாம்? நீங்க பாடுனா கைதட்டுதா. நீங்களா பெத்திய? ஆட்டாமப் பாடுனா அவளுக்குக் கேக்கும்னா, நான் ஆட்டாமப் பாடுதேன். தபால்னாலும் கொண்டு சேக்கணும்லா."

அன்று ஆரம்பித்தார்கள். செவ்வாயும் வியாழனும் மாலை நான்கு மணிக்கு. எமிமா சுரங்களைப் பெரிதாக ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தாள். உலகம்மை அதைத் தோள்பையில், டிக்கெட் மெஷினோடு வைத்துக்கொண்டாள். ஸ வந்தது. ரி வந்தது. க-வுக்கு வந்ததும் தொண்டை தானாக ஆடியது. எமிமா கீபோர்டில் க-வை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். திரையில் கோடு நடுங்கும்.

"நிறுத்துங்க. அங்கயே நில்லுங்க."

"நிக்கத்தான் செய்யுதேன். அதுவா போவுது மேடம். தொண்டைக்குள்ள யாரோ தொட்டில ஆட்டி விட்டுருக்காவ."

"மூச்ச எறக்கி, மெதுவா. ஹாரன் மாதிரி நெனச்சுக்கிடுங்க."

"ஹாரனா! நல்லாருக்கு. எங்க டிரைவரு கேட்டா, 'ஒனக்கு ஹாரனே வேண்டாம், நீயே முன்னால உக்காரு'ம்பாரு."

சிரிப்பார்கள். மறுபடியும் கோடு நடுங்கும். திருச்செந்தூர் பஸ்ஸில், ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் நடுவே, கண்டக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரே சுரத்தில் முனகுவதைக் கேட்டு ஒரு பெரியவர் எழுந்து உட்கார இடம் கொடுத்தாராம், ஏதோ வயிற்று வலி என்று. அதைச் சொல்லும்போது உலகம்மை சிரித்தாள். பிறகு, "நேத்து வீட்டுல பாத்திரம் தேய்க்கும்போது பழையபடி வந்துட்டு. கையால வாயப் பொத்திக்கிட்டேன்," என்றாள். அதற்கு இருவரும் சிரிக்கவில்லை.

நாலாம் வாரம், ஒரு வியாழக்கிழமை, கோடு க-வில் நின்றது. கால் நொடி. அரை நொடி. ஒரு நொடி. நோட்டில் அடிக்கோல் வைத்துப் போட்டதுபோல நேராக. "வந்துட்டா?" என்று உலகம்மை பாட்டை நிறுத்தாமல் கண்ணால் கேட்டாள். எமிமா தலையசைத்தாள். இத்தனை வாரமாகத் தான் எதைத் திருத்திக்கொண்டிருந்தோம் என்பது அந்த நேர்கோட்டைப் பார்த்தபோதுதான் அவளுக்கு முழுதாகத் தெரிந்தது.

சனிக்கிழமை குழந்தையை அழைத்து வந்தார்கள். செல்லக்கிளியும் வந்திருந்தாள், திருப்பூர் பயணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. உலகம்மை பாயில் உட்கார்ந்தாள். அட்டையைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டாள்.

'ஆத்துல மீனு உறங்கியாச்சு.'

மீனு அசையவில்லை.

முத்தரசி தாயின் வாயைப் பார்த்தாள். இந்த முறை முகம் சுருங்கவில்லை. எழுந்து வந்து உலகம்மையின் உதட்டில் விரலை வைத்தாள். பிறகு தொண்டையில் வைத்தாள். சத்தம் அங்கிருந்துதான் வருகிறது என்று கண்டுபிடித்தவளைப்போல அத்தையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். மூன்றாம் முறை பாடி முடிப்பதற்குள் மடியில் ஏறி, காக்கிச் சட்டையின் பொத்தானைப் பிடித்தபடி உறங்கிப்போனாள்.

செல்லக்கிளி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே எங்கிட்ட வரமாட்டா," என்றாள். அதில் கோபமில்லை. ஆனி பிறந்ததும் அவள் திருப்பூருக்குத் தனியாகப் போனாள்.

மடியில் இருப்பவள் விழிக்கக் கூடாதென்று மெல்லிய குரலில் எமிமா கேட்டாள். "ஒரே ஒரு தடவ பழையபடி பாடுங்களேன். அவ உறங்கத்தான செய்யுதா. எனக்காக."

உலகம்மை தலையை ஆட்டினாள். "வேண்டாம் மேடம். அது திரும்பி வந்துட்டா போகாது. என்னைக்காவது ஒரு நாள் அசந்து ஆட்டிட்டேன்னா, இவ மூஞ்சி பழையபடி ஆயிரும். இனிமே அது எனக்கு வராம இருக்குததுதான் நல்லது."

ஆடி மாதம் பரிசோதனைக்கு வந்தபோது முத்தரசி பாயில் ஒரு மர பஸ்ஸை உருட்டிக்கொண்டே தனக்குத்தானே முனகினாள். எமிமா ஒலிவாங்கியை நகர்த்தி வைத்தாள். ஸ ஸ ரி க, க க ரி ஸ. திரையில் கோடு ஒவ்வொரு படியிலும் சுத்தமாக நின்றது. க-வில் இம்மியும் பிசகவில்லை. பங்குனியில் எமிமா காகிதத்தில் எழுதிய, அதுவரை அந்தப் பாட்டில் ஒருவரும் பாடியிராத அந்தச் சுரத்துக்கு இப்போது ஒரு குரல் கிடைத்திருந்தது. முத்தரசி நாளைக்குத் தன் மகளுக்கும் இப்படித்தான் பாடுவாள். அந்த மகளுக்கு நல்ல காது இருக்கும்.

எல்லோரும் போனபின் எமிமா பழைய பதிவைப் போட்டாள். உலகம்மையின் முதல் நாள் குரல். கூடவே பாடிப் பார்த்தாள். ஆட்ட வேண்டிய இடம் தெரியும், எவ்வளவு தூரம், நொடிக்கு எத்தனை முறை, எல்லாம் தெரியும், அளந்தவளே அவள்தான். ஒவ்வொரு முறையும் அவளுடைய குரல் க-வுக்குப் போய் அங்கேயே நின்றது.

பதிவை அணைத்துவிட்டுக் கணினியை முன்னால் இழுத்தாள். நாற்பதாயிரம் குழந்தைகளுக்கும் தாய்மார் இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறார்களோ. எல்லா மையங்களுக்கும் போகவேண்டிய சுற்றறிக்கையை அவள் தட்டச்சு செய்தாள்:

'நீங்கள் பாடும்போது குழந்தை அழுதால், அது உங்களை வெறுக்கவில்லை. உங்கள் குரல் அதற்குக் கேட்கவில்லை. ஒவ்வொரு சுரத்தையும் அதன் இடத்தில் அசையாமல் நிறுத்துங்கள். கால் நொடிக்கு மேல் நின்றால் போதும். குரலை ஆட்டாதீர்கள். இப்படிப் பாடினால் குழந்தைக்குக் கேட்கும்.'